மணக்கிற மெத்தை

மார்ச் 3, திங்கள்

நேற்றும் தூக்கம் இல்லை. மெத்தை மணக்கிறது. மணக்கிறது என்று எழுதினால் ஏதோ நல்ல விஷயம் போலத் தெரிகிறது. இல்லை, மூக்கில் அடிக்கிறது. பெட்ஷீட், தலையணை உறை, போர்வை, போதாததற்கு ஜன்னல் திரை. துணிக்குப் போடுகிற அந்த வாசனை லிக்விடைப் பாட்டிலோடு கவிழ்த்து அலசியிருப்பார்கள் போல. படுத்தால் முதலில் மூக்கு அடைக்கிறது, பிறகு கண் எரிகிறது, அப்புறம் நெஞ்சுக்குள் விசில் ஆரம்பிக்கிறது.

பக்கத்துக் கட்டில் வெல்டருக்கு ஒரு குறையும் இல்லை. வந்த அன்றே போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டு, "அண்ணே, நமக்கெல்லாம் யாருண்ணே இவ்ளோ மணமா படுக்கை போட்டுக் குடுத்தா?" என்றான். அடுத்த நிமிஷம் குறட்டை. கொடுத்து வைத்த மூக்கு!

வீட்டுக்கார அக்காவிடம் ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. "அக்கா, சோப்பு மட்டும் போட்டுத் துவைங்க." அவ்வளவுதான். அதைச் சொல்ல வக்கில்லாமல் இங்கே உட்கார்ந்து கிறுக்கிக்கொண்டிருக்கிறேன். "என்கிட்ட கத்துறதையெல்லாம் எழுதி வைங்க, புண்ணியமாப் போகும்" என்று என் மனைவி சொல்லி அனுப்பியது இப்படி உதவுகிறது.

மார்ச் 4, செவ்வாய்

ஏன் சொல்ல முடியாது? எழுதிப் பார்க்கிறேன், எனக்கே புத்தி வரட்டும்.

இந்த மாடி அறை கம்பெனி வாடகைக்கு எடுத்தது. சைட்டில் வேலை செய்கிறவர்கள் தங்குவதற்கு. கம்பெனி மேனேஜர் அடிக்கடி வந்து கீழே வாசலில் நின்று அக்காவிடம் விசாரிக்கிறார். யார் குடிக்கிறான், யார் நேரத்துக்கு வருகிறான், யாருக்கு உடம்புக்கு முடியவில்லை, எல்லாம். நான் இன்னும் பயிற்சியில்தான் இருக்கிறேன். மாதக் கடைசியில் கம்பெனி டாக்டர் குழாயில் ஊதவிட்டு மூச்சைப் பார்ப்பார். தேறினால்தான் டவர் கிரேன் என் கைக்கு வரும்.

"வாசனை ஒத்துக்கலை" என்று வாயைத் திறந்தால் அடுத்த கேள்வி, "ஏன் ஒத்துக்கலை?" எனக்கு இளைப்பு இருக்கிறது என்று சொல்ல வேண்டிவரும். மூச்சுக்குத் திண்டாடுகிறவனை அவ்வளவு உயரத்தில் தனியாக எவன் உட்கார வைப்பான்?

சின்ன வயதில் இருந்தது. விட்டுப்போனது என்று நினைத்தேன். பழைய வேலையில், சிமெண்ட் யார்டு தூசியில், திரும்பி வந்தது. பிறகு யார்டையே மூடிவிட்டார்கள். மாதக்கணக்கில் வீட்டில் சும்மா. மனைவியின் தையல் மெஷினில்தான் வீடு ஓடியது. அந்த மெஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு மல்லாந்து கிடந்தவனுக்குத்தான் அந்த வலி தெரியும். இன்னொரு தடவை என்னால் முடியாது.

மார்ச் 6, வியாழன்

பெட்ஷீட்டையும் உறையையும் நானே துவைத்து மொட்டைமாடிக் கொடியில் போட்டேன். திரும்பினால் அக்கா நிற்கிறார்.

"ஏன் தம்பி, நான் துவைச்சது சரியில்லையா?"

"ஐயோ, அதெல்லாம் இல்லக்கா. டீ கொட்டிடுச்சு."

கொடியில் தொங்கியதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இறங்கிப் போனார். முகம் விழுந்துவிட்டது.

மார்ச் 7, வெள்ளி

வேலை முடிந்து வந்தால் கட்டிலில் புது விரிப்பு. முன்னைக்கு இரண்டு மடங்கு வாசனை. மாடிப்படியிலேயே ஆளை மறிக்கிறது.

"அக்கா உங்களுக்குன்னே ஸ்பெஷலா போட்டிருக்காங்கண்ணே" என்கிறான் வெல்டர். வாயில் நன்றாக வருகிறது எனக்கு.

மார்ச் 8, சனி

தரையில் படுத்தேன். தரை துடைக்கிற தண்ணியிலயும் அதையே ஊத்தியிருக்காங்க, மகராசி.

மார்ச் 10, திங்கள்

இன்று ஒரு உயிர் போயிருக்கும்.

காலையில் கிரேன் கேபினில் நான், பின்னால் சீனியர் ஆபரேட்டர். கீழே சிக்னல் கொடுக்கிற பெண். கம்பிக் கட்டு கொக்கியில் தொங்குகிறது. கண்ணில் நீர் கட்டி எல்லாம் மங்கல். துடைத்தேன், மறுபடியும் மங்கல். அவள் வாக்கி-டாக்கியில் "நிறுத்து, நிறுத்து" என்கிறாள், எனக்குக் காதில் விழுகிறது, கைக்குப் போய்ச் சேரவில்லை. தூக்கம் இல்லாத கை. கட்டு அவள் பக்கமாக வீசிக்கொண்டு போயிற்று. அவள் குனிந்து ஓடினாள். தலைக்கவசம் தனியாக உருண்டது.

"கண்ணை எங்கண்ணே வச்சிருக்கீங்க? கீழ நிக்கிறது மனுஷியா, மண்ணாங்கட்டியா?"

சைட் முழுக்கக் கேட்டது. சீனியர் ஒன்றும் திட்டவில்லை. "ராத்திரி தூங்குனியா?" என்று மட்டும் கேட்டார். தூங்கினேன் என்றேன். எப்படி வாய் கூசாமல் வருகிறது பார்!

இறங்கிப் போய் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். தலைக்கவசத்தின் மண்ணைத் தட்டிக்கொண்டே, "சாயந்திரம் நான் வீட்டுக்குப் போகணும்ணே. அவ்ளோதான்" என்றாள். கோபமாகக் கூடச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 11, செவ்வாய்

போனில் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"டாக்டர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க."

"சொல்லிட்டு? மறுபடியும் வந்து உன் மெஷினுக்குப் பக்கத்துல உக்காரவா?"

"உக்காருங்க. என்ன இப்போ? மேலேருந்து உங்கள நாலு பேர் சேர்ந்து இறக்கிக் கொண்டாந்தாங்கன்னு எனக்கு ஒரு போன் வரக்கூடாது."

கத்தினேன். உனக்கு என்ன தெரியும், வேலை என்ன மரத்திலா காய்க்கிறது, இத்யாதி. அவள் வைத்துவிட்டாள். எல்லாவற்றையும் எழுதி வைக்கச் சொன்னவளிடமே கத்தியாயிற்று. அவள்மேல் என்ன தப்பு? எல்லாம் இந்தப் பாழாய்ப்போன மெத்தை.

மார்ச் 13, வியாழன்

நேற்று ராத்திரி, சைட்டிலிருந்து பெரிய பிளாஸ்டிக் தாள் கொண்டுவந்து மெத்தையைச் சுற்றிக் கட்டினேன். மேலே என் பழைய வேட்டி. என்ன மூளை, என்ன மூளை! புரண்டால் சரசர, மூச்சு விட்டால் சரசர. வெல்டர் எழுந்து உட்கார்ந்து, "அண்ணே, எலி!" என்று செருப்பை எடுத்துவிட்டான்.

இன்று சாயந்திரம் வந்தபோது பிளாஸ்டிக் தாளைக் காணோம். மடித்து மூலையில் வைத்திருக்கிறது. மெத்தைமேல் பளபளவென்று புது விரிப்பு. இந்த அம்மாவுக்கு என்மேல் என்ன விரோதம்? நான் என்ன செய்தேன்?

மார்ச் 15, சனி

மேனேஜர் வந்திருந்தார். ஜன்னலோரம் நின்று பார்த்தேன். அக்கா ஏதோ மெதுவாகக் கேட்கிறார், பிறகு இருவரும் சேர்ந்து என் ஜன்னலை அண்ணாந்து பார்க்கிறார்கள். சட்டென்று பின்னால் நகர்ந்தேன், திருடன் மாதிரி. சொல்லிவிட்டார். நிச்சயம் சொல்லிவிட்டார். "மாடிக்காரர் ராத்திரியெல்லாம் இருமுறார்" என்று ஒரு வரி போதும்.

அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். "உக்காருங்கண்ணே, எனக்குத் தலை சுத்துது" என்றான் வெல்டர்.

மார்ச் 16, ஞாயிறு

எழுத வேண்டும். மறப்பதற்கு முன்னால், நடந்த வரிசைப்படி.

வெல்டர் வெளியே போயிருந்தான். அக்கா துவைத்த துணிகளோடு வந்தார். போர்வையை என் முன்னாலேயே ஒரு உதறு உதறினார். அந்த ஒரு உதறல்தான். நெஞ்சை யாரோ கயிற்றால் இறுக்கின மாதிரி ஆயிற்று. வெளியே ஓடி மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். மூச்சு உள்ளே போகிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது. பையில், சாக்ஸுக்குள் இன்ஹேலர் இருக்கிறது, பை உள்ளே. கையைக் காட்டினேன். அவர் பையையே தூக்கிக்கொண்டு வந்து படியில் கொட்டினார். அவர் கண்ணுக்கு முன்னாலேயே இன்ஹேலரை எடுத்து வாயில் அடித்துக்கொண்டேன். ஒளிக்க நேரம் ஏது?

மூச்சு திரும்பியதும் முதலில் வந்த வார்த்தை: "அக்கா, உங்க காலைப் புடிச்சுக் கேக்குறேன். மேனேஜர்கிட்ட சொல்லிடாதீங்க."

அதே நேரத்தில் அவரும், "தம்பி, நீங்க கம்பெனிக்குச் சொல்லிடாதீங்க" என்றார்.

இரண்டு பேரும் திருதிருவென்று முழித்தோம்.

"நான் என்னத்தைச் சொல்லப் போறேன்?" என்றேன்.

அப்போதுதான் கொட்டினார். போன வருஷம் கம்பெனி ஆபீசர் ஒருவர் அறையைப் பார்க்க வந்தாராம். கிரீஸும் வேர்வையுமாக ஆட்கள் படுத்த அறை. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை இப்படி வாடை அடிச்சா வேற வீடு பாத்துக்குவோம்" என்று வாசலிலேயே, பக்கத்து வீட்டார் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனாராம். "கூசிப்போச்சு தம்பி எனக்கு. அன்னையிலேருந்து ஊத்துறேன்." அப்புறம் நான் வந்து, துவைத்ததை மறுபடி துவைத்து, மெத்தைக்குப் பிளாஸ்டிக் கட்டினால் அவர் என்ன நினைப்பார்? இன்னும் வாடை போகவில்லை, இவன் எழுதிப் போட்டுவிடப் போகிறான் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் ஊற்றியிருக்கிறார். நான் மறுபடி துவைக்க, அவர் மறுபடி ஊற்ற. நேற்று மேனேஜரிடம் கேட்டது, "மாடிக்காரர் ஏதாச்சும் குறை சொன்னாரா?"

சிரித்துவிட்டேன். சிரிப்பு இருமலாகி, அவர் பயந்துபோய் என் முதுகைத் தட்டி, தட்டிக்கொண்டே அவரும் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம், படியில் உட்கார்ந்து, சுற்றிலும் என் சட்டைகளும் சாக்ஸும் கிடக்க.

மார்ச் 18, செவ்வாய்

தூங்கினேன்! விரிப்பில் வெறும் வெயில் வாடை. வெல்டர்தான் தலையணையை முகர்ந்து முகர்ந்து பார்த்து, "அக்காவுக்கு நம்ம மேல என்ன கோவம்ணே?" என்கிறான்.

மார்ச் 22, சனி

விசில் இல்லை. ஏணி ஏறும்போது நடுவில் நிற்க வேண்டியிருக்கவில்லை. கை சொன்னபடி கேட்கிறது. இன்று சீனியர் பின்னால் உட்கார்ந்து கொட்டாவி விட்டார். அதைவிடப் பாராட்டு வேண்டுமா?

"நான் வாயைத் திறக்க மாட்டேன் தம்பி. நீங்க போய் நல்லா ஊதிட்டு வாங்க" என்றார் அக்கா. அவர் இனிச் சொல்ல மாட்டார். நெஞ்சும் சொல்லாது. டாக்டருக்குத் தெரிய வழியே இல்லை.

மார்ச் 26, புதன்

நாளை டாக்டர். மெத்தையில் ஒரு வாசனையும் இல்லை. ஆனாலும் புரண்டுகொண்டே இருக்கிறேன். இனி எதைச் சாக்குச் சொல்வது?

இந்த வீட்டு விரிப்பு சரியாகிவிட்டது. அடுத்த சைட்டில்? அங்கே வேறு வீடு, வேறு போர்வை, வேறு தூசி. லோடு தொங்கும்போது வந்தால்? கீழே சிக்னல்காரி நிற்பாள். அவள் இல்லாவிட்டால் வேறு யாரோ. அவர்களுக்கும் சாயந்திரம் வீடு இருக்கும்.

வேலை வேணும். எனக்கு இந்த வேலை வேணும். வேற என்னத்த எழுத?

மார்ச் 27, வியாழன்

குழாயில் ஊதச் சொன்னார்கள். நன்றாகவே ஊதினேன். டாக்டர் நெஞ்சில், முதுகில் வைத்துக் கேட்டார். தலையாட்டினார். "மூச்சுத் தொந்தரவு ஏதாவது உண்டா?" என்று கையைக் கழுவிக்கொண்டே கேட்டார். இல்லை என்பது நாக்கு நுனியில் இருந்தது. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தை.

"இருக்கு டாக்டர்" என்றேன்.

தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுத் திரும்பினார். "ஊதுனதுல தேறிட்டீங்களே. இப்ப எதுக்குச் சொல்றீங்க?"

"கீழ ஆள் நிக்கிறாங்க டாக்டர்."

நெஞ்சு டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை மேலே ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார். மேனேஜர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

மனைவியை அழைத்தேன். பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சொன்னேன். மெஷின் நின்றது. பிறகு, "சாப்பிட்டீங்களா?" என்றாள். அழுதுவிட்டேன், வெட்கமில்லாமல்.

ஏப்ரல் 2, புதன்

கீழே கயிறு பிரித்து வைக்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள். கேபினில் வேறொருவன் உட்கார்ந்திருக்கிறான். மோசமாகத் திருப்புகிறான். அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலிக்கிறது.

உண்மையைச் சொன்னால் நிம்மதி வரும் என்றார்களே, எங்கே?

ஏப்ரல் 5, சனி

நெஞ்சு டாக்டர் நிறைய ஊதவிட்டார். தினமும் மருந்து இழுக்க வேண்டும், விடாமல் இழுத்தால் எந்த வேலையும் செய்யலாம் என்கிறார். கம்பெனி என்ன சொல்லும் என்று அவருக்குத் தெரியாதாம். எனக்கும்தான்.

ஏப்ரல் 9, புதன்

இன்று மேலே ஏறினேன். தனியாக.

நெஞ்சு டாக்டர் எழுதிக் கொடுத்ததைப் பார்த்துக் கம்பெனி ஒத்துக்கொண்டது, ஒரே நிபந்தனையோடு: தினமும் முதல் லோடுக்கு முன்னால் கீழேயிருந்து ஒருவர் என் மூச்சைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் கிரேன் அசைய வேண்டும். யார் கேட்பது என்று சீனியர் சுற்றிப் பார்த்தாராம். சிக்னல்காரி, "நான்தானே கீழ நிக்கிறேன், நான் கேக்குறேன்" என்றாளாம்.

உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டேன். வாக்கி-டாக்கி கரகரத்தது. சைட்டில் இருக்கிற அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி அவள் குரல்: "அண்ணே, இன்னைக்கு மூச்சு எப்படி இருக்கு?"

யாரோ சிரித்தார்கள். வெல்டராகத்தான் இருக்கும். காது சூடானது. இத்தனை நாளாகச் சாக்ஸுக்குள்ளும் பைக்குள்ளும் ஒளித்து வைத்த சங்கதி. கீழே பார்த்தேன். அவள் தலைக்கவசத்தைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நிற்கிறாள், பதிலுக்காக.

"நல்லா இருக்கும்மா" என்றேன். "கொஞ்சம் தள்ளி நில்லு. தூக்கப் போறேன்."