வேனுக்குக் கொண்டுபோன வளையல்

பிப்ரவரி 6, வெள்ளி

காலையில் பனி. எதிர்வீடு தெரியவில்லை. வாங்க வேண்டியது: அரிசி, புளி, எலுமிச்சை, தயிர், கண்ணாடி வளையல். பெரிய குண்டான் ஒன்று இரவல்.

மில்லில் மூட்டை தூக்கிய கை. பேனா அதைவிடக் கனக்கிறது. "தினமும் ரெண்டு வரி எழுதுங்க தாத்தா, யாருக்கும் காட்ட வேணாம்" என்றாள் எழுத்து சொல்லித்தரும் சாயங்கால வகுப்பு டீச்சர். யாருக்கும் காட்டவில்லை. நானே திரும்பத் திரும்பப் படிக்கிறேன். நான் நினைத்தது அப்படியே தாளில் இருக்கிறது! சிரிப்பு வருகிறது.

ஞாயிறு மகள் சுமதிக்கு வளைகாப்பு. முதல் பிள்ளை. மருமகன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை, வர முடியாதாம். முழுப் பெயர் எழுத நேரமாகிறது. இனி சு.

சு. ஷூ கம்பெனியில் தைக்கிறாள். ஆனால் கம்பெனி ஆள் இல்லை, ஏஜென்சி ஆள். அந்த ஏஜென்சி நடுவில் பெயரை மாற்றிக்கொண்டது. அதே முதலாளி, அதே வேன், அதே மிஷின். ஆனால் இவள் வேலை செய்த பழைய நாள் எல்லாம் கணக்கில் இல்லையாம். எண்பது நாள் ஆனால்தான் பிரசவ லீவுக்குச் சம்பளம். இன்னும் மூன்று வாரம் போல இருக்கிறது. அதற்குள் வயிறு தெரிந்தால் நிறுத்திவிடுவார்கள். பொங்கலுக்கு முன்னால் ஒருத்தியை அப்படித்தான் நிறுத்தினார்கள். இவள் கம்பெனிக் கோட்டைப் பெரிய சைஸில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறாள்.

அந்தச் சம்பளம் வந்தால் ஆறு மாதம் வாடகைக்கும் பாலுக்கும் பயமில்லை. மருமகன் பணம் ஒரு மாதம் வரும், ஒரு மாதம் வராது.

"வளைகாப்ப ஒம்பதாம் மாசம் வச்சிக்கலாம்பா. இப்ப கையில வளையலோட போனா மாட்டிக்குவேன்."

சேத்துப்பட்டிலிருந்து தங்கை மங்கா போனில்: "மொதப் புள்ளைக்கு ஏழுலதான்டி. இன்னா பேச்சு பேசறே?"

நானும் ஏழு என்றேன். எனக்கு ஆசை.

பிப்ரவரி 8, ஞாயிறு

நல்ல வெயில். நல்ல நாள். மங்கா முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். ஐந்து வகை சாதம். புளிசாதத்தில் உப்பு கூட. யாரும் சொல்லவில்லை.

இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் பச்சை, சிவப்பு. கன்னத்தில் சந்தனம். அவள் அம்மா போட்டோவுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மங்கா கண்டிஷன்: "புள்ள பொறக்கிற வரைக்கும் இத கழட்டக் கூடாது. குளிக்கும்போதும்தான்."

சு. துணியை நாடாவாகக் கிழித்து வளையலைச் சுற்றிக் கட்டிப் பார்த்தாள். கோட்டுக் கைக்குள் சத்தம் வராமல் இருந்தது.

வேனில் கூட வரும் பெண்கள் யாரும் வரவில்லை. ஞாயிறும் ஓவர்டைம். வராதவர்களுக்குப் பங்கு எடுத்துவைத்தாள் மங்கா. அதுதானே வழக்கம்.

பிப்ரவரி 9, திங்கள்

எழுதப் பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

சு. வேன் ஏறப் போன பிறகுதான் பார்த்தேன், பங்குப் பை வீட்டிலேயே இருந்தது. மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். தூக்கிக்கொண்டு ஓடினேன். இந்த வயதில் ஓட்டம்! வேன் கிளம்பப் பார்த்தது. கையைத் தட்டி நிறுத்தினேன்.

ஜன்னல் ஜன்னலாகக் கொடுத்தேன். ஆளுக்கு ஒரு பொட்டலம், இரண்டு வளையல். அந்தப் பெண்களுக்கு விஷயம் முன்பே தெரியும். ஆனாலும் ஒருத்தியும் சிரிக்கவில்லை. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. முன்சீட்டில் ஒரு அம்மாள். வேலைக்குப் போகிறவள்தான் என்று அவளுக்கும் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"இன்னா விசேஷம், பெரியவரே?"

"என் பொண்ணுக்கு வளைகாப்பு."

"அப்படியா! எத்தனாவது மாசம்?"

"ஏழு" என்றேன். சத்தமாகச் சொன்னேன்.

சு. கடைசி சீட்டில் தலையைக் குனிந்துகொண்டாள்.

ராத்திரி வந்து சொன்னாள். அந்த அம்மாள் ஏஜென்சி சூப்பர்வைசர். பை மறந்துபோகவில்லை. வேண்டுமென்றே விட்டுப் போயிருக்கிறாள்.

"கம்பெனில சொல்லாதேன்னுதானம்மா சொன்னே. இது வேன்தானே?" என்றேன்.

அவள் சாப்பாடு போட்டுக் கொடுத்தாள்.

பிப்ரவரி 10, செவ்வாய்

வேன் நிற்கவில்லை. சு. கையை நீட்டிக்கொண்டே நின்றாளாம். டீக்கடைக்காரர் சொன்னார்.

பிப்ரவரி 12, வியாழன்

ஏஜென்சி ஆபீஸ். செல்போன் கடை மாடி. படி செங்குத்து, சு.வுக்கு மூச்சு வாங்கியது.

"நாங்க எங்க நிறுத்தினோம்? லிஸ்ட்ல பேரு வரல, அவ்ளோதான்" என்றான் அங்கே இருந்தவன். சின்ன வயது. சாப்பிட்டுக்கொண்டே பேசினான்.

சு.: "மூணு வாரம் மட்டும் விடுங்க சார். உக்காந்து தைக்கிற வேலைதானே."

"ஆர்டர் கம்மிம்மா."

"நேத்து புதுசா ரெண்டு பேர ஏத்தினீங்களாமே?"

அவன் தண்ணீர் குடித்தான். "சும்மா பேஜார் பண்ணாதம்மா. புள்ள பெத்துட்டு வா. மொத ஆளா உன்னத்தான் எடுப்பேன்."

"அப்ப மறுபடியும் முதல்லேர்ந்து கணக்கா?"

"பின்ன?"

தப்பு என்னுடையது, மன்னிச்சுக்கங்க தம்பி என்றேன். "அய்யோ, பெரியவரே, நீங்க இன்னா பண்ணீங்க? புளிசாதம் சூப்பர்னு மேடம் சொன்னாங்க" என்றான்.

இறங்கும்போது சு. என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் விழுந்துவிடக் கூடாதென்று.

பிப்ரவரி 13, வெள்ளி

டீச்சரிடம் சொன்னேன். பிள்ளை உண்டானதற்காக நிறுத்துவது சட்டப்படி தப்பாம், லேபர் ஆபீஸில் எழுதிக் கொடுக்கலாமாம். சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். நானே எழுதுகிறேன் என்றேன்.

"எழுதிக் குடுத்தா ஒரு ஏஜென்சியும் என்ன ஏத்த மாட்டான்பா. எல்லாரும் ஒரே வாட்ஸ்அப் குரூப்புல இருக்கானுங்க. நாளைக்கு நான் வேலைக்குப் போணுமா வேணாமா?"

பேனாவை மூடிவைத்தேன்.

மருமகன் போன். இந்த மாதம் பாதிதான் அனுப்புவானாம்.

பிப்ரவரி 16, திங்கள்

மேகமூட்டம். சு. பின் தெருவில் உள்ள தறிக் கொட்டகைக்குப் போய்க் கேட்டிருக்கிறாள். தார் சுற்றும் வேலை. பட்டு நூலைச் சின்னக் குழலில் சுற்றிக் கொடுக்க வேண்டும். சுற்றுகிற அளவுக்குக் கூலி. லீவு என்றால் ஒன்றும் கிடையாது. பிரசவத்துக்கு முதல் நாள் வரைக்கும் வரலாம் என்று சொன்னார்களாம். அந்த வீட்டம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம்: "வளையல கழட்டிட்டு வாம்மா. கண்ணாடி பட்டா இழை அறுந்துடும்."

பிப்ரவரி 17, செவ்வாய்

நான்தான் கழற்றினேன். வீட்டில் வேறு பெண் இல்லை. இது ஆண் செய்கிற வேலை இல்லை. கை வீங்கியிருக்கிறது. சோப்பு நுரை போட்டு ஒவ்வொன்றாக. வலிக்குதாம்மா என்றேன். இல்லப்பா, ஜல்தி என்றாள்.

ஒன்றும் உடையவில்லை. துண்டில் மூட்டையாகக் கட்டிவைத்தேன்.

பிப்ரவரி 18, புதன்

சு. முதல் நாள் வேலை. இடுப்பு வலி. கூலி ஒரு வேளைக் காய் வாங்கத்தான் ஆகும்.

இருட்டும்போது மங்கா போன். சு. ஸ்பீக்கரில் போட்டாள்.

"இன்னாடி, வளையல் எல்லாம் பத்திரமா இருக்குதா?"

"இருக்குது அத்த. கையிலதான் இருக்குது."

"சத்தத்தையே காணோம்?"

சு. என்னைப் பார்த்தாள். நான் மூட்டையை எடுத்துவந்து, போனுக்குப் பக்கத்தில் பிடித்து, மெதுவாக ஆட்டினேன்.