குடம் நிரம்பும் நேரம்

மார்ச் 6, 2024
ஊற்றுக் குழாயில் ஒரு குடம் நிரம்ப ஒன்பது நிமிடம். போன மார்ச்சில் நான்கு. கோடை மழைக்கு அறிகுறியே இல்லை. தேயிலை எஸ்டேட் மேல் லைனில் முப்பத்திரண்டு தொழிலாளர் வீட்டுக்கும் நான்தான் தண்ணீர் திறந்துவிடுகிறேன், திட்டும் எனக்குத்தான்.

மார்ச் 11
மேனேஜர் கூப்பிட்டார். அடுத்த கோடைக்குள் தண்ணீருக்கு வழி பிறக்காவிட்டால் மேல் லைனை மூடிவிடுவார்களாம். கீழ் டிவிஷனில் பாதிப் பேருக்குத்தான் வீடு. மீதிப் பேர் திருப்பூருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஊற்றுச் சதுப்பைத் தூர் வாரினால் போதும் என்றேன். தாராபுரத்தில் அப்பா சித்திரை தோறும் கிணற்றில் சேறு அள்ளுவார், ஊற்றுக்கண் திறந்துகொள்ளும். எனக்குத் தெரியாததா?

மார்ச் 17, ஞாயிறு
பத்துப் பேர் இறங்கினோம். மேலே கோரைப் புல், கீழே இடுப்பளவு கருஞ்சேறு. அடுத்த வீட்டுத் தெய்வம்மா மாட்டுக்குப் புல் அறுக்க வந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"இது கெணறு இல்லீங்ணா. அந்தச் சேறுதானுங்க தண்ணியப் புடிச்சு வெச்சிருக்குது."

மாட்டுக்குப் புல் போய்விடும் என்று கவலையா என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், அவளைத் தவிர. அள்ளிய சேற்றைப் பக்கத்து விவசாயி சங்கிலி டெம்போ கொண்டுவந்து தன் கேரட் தோட்டத்துக்கு ஏற்றிப்போனான். நல்ல உரமாம்.

மார்ச் 19
இரண்டே நிமிடம்! மேனேஜர் கைகொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஏப்ரல் 8
பதினொன்று.

ஏப்ரல் 20
சொட்டுகிறது, அவ்வளவுதான். தோண்டிய குழியில் மண் வெடித்துக் கிடக்கிறது. இருந்ததையெல்லாம் ஒரே மாதத்தில் வடித்துவிட்டேன். டிராக்டர் தண்ணீர் வீட்டுக்கு நான்கு குடம். தெய்வம்மாவின் மருமகள் ஜெயஸ்ரீ கைக்குழந்தையோடு வரிசையில் நிற்கிறாள். தெய்வம்மா திட்டினாலாவது தேவலை. பேசவே மாட்டேன் என்கிறாள்.

ஜூலை 18
பேய் மழை. எதுவும் குழியில் தங்கவில்லை. சேறு அள்ள நாங்கள் வெட்டிய வாய் வழியே கலங்கலாக ஓடையில் இறங்கிப் பவானிக்குப் போகிறது. இவ்வளவு மழையிலும் தொட்டியில் குடிக்கிற தண்ணீர் இல்லை — யாரிடம் போய்ச் சொல்ல?

செப்டம்பர் 2
மழை விட்டுப் பத்தே நாள். ஊற்று மறுபடி காய்ந்துவிட்டது. சங்கிலியிடம் சேற்றைத் திருப்பிக் கேட்டேன். கேரட்டே மண்டிக்குப் போயாச்சு, சேற்றை எங்கே தேடுவது என்றான். நான் ஏன் வாயத் தொறந்தேன்? யாரு கேட்டா என்னைய?

செப்டம்பர் 15
தெய்வம்மா வீட்டு வாசலில் போய் நின்றேன். தப்புப் பண்ணிவிட்டேன் என்றேன். உள்ளே போய் மண்வெட்டியோடு வந்தாள். குழியின் வாயில் கல்லும் மண்மூட்டையும் அடுக்கினோம். ஓடையோரப் புல்லை மண்ணோடு பெயர்த்துக் கொண்டுவந்து பதித்தோம். எத்தனை நாளாகும் என்று கேட்டேன்.

"புல்லுப் புடிக்கோணும், அழுகி மண்ணாகோணும். நம்ம அவசரத்துக்கு ஆகாதுங்ணா."

ஜனவரி 12, 2025
லைனில் பதினைந்து வீடு காலி. தெய்வம்மாவின் மகனுக்குப் பனியன் கம்பெனியில் வேலை. குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டார்கள். மாட்டை விற்றுவிட்டாள். பஸ் ஏறும்போதும், உறைபனியில் புல் கருகாமல் மூடிவைக்கச் சொன்னாள். தினமும் சாயங்காலம் காய்ந்த தழையைப் பரப்புகிறேன், காலையில் எடுக்கிறேன். கை மரத்துப்போகிறது. போகட்டும்.

மார்ச் 17
பதிமூன்று நிமிடம். புல் பச்சையாக இருக்கிறது. மேனேஜர் வந்து பார்த்தார். இருக்கிற பதினேழு வீட்டுக்கு இது போதும், லைனை மூட வேண்டாம் என்றார். போதும்தான்.

தெய்வம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். பனியிலே புல் கருகவில்லையே என்று கேட்டாள். அவர்கள் தெருவுக்கு நான்கு நாளைக்கு ஒருமுறைதான் பவானித் தண்ணீர் விடுகிறார்களாம். வரிசையில் நிற்கிறாள். அவள் குடத்தின் முறை வந்துவிட்டது என்று போனை வைத்துவிட்டாள்.