இரண்டாவது போர்ட் கட்டாயமில்லை

அக்டோபர் 14, செவ்வாய்

அரைவை தொடங்கி மூன்றாம் நாள். காலையில் ஆலிவ் அரைக்கும் இயந்திரமும் எண்ணெய் பிரிக்கும் இயந்திரமும் ஒரே சமயத்தில் ஓட ஆரம்பித்ததும் விளக்கெல்லாம் ஒருமுறை மங்கியது. அலுவலக அறையில் என் லினக்ஸ் சர்வர் செத்துப் பிழைத்தது. பிழைத்தது சரி, நெட்வொர்க் வர இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. அதுவரை எடைத் தராசு ஊமை. எண்ணெய்க் குழாய்க்குப் பக்கத்திலுள்ள திரையும் ஊமை. எந்தக் கூடை யாருடையது என்று ஒருத்தருக்கும் தெரியாது. வெளியே சாலை வரைக்கும் டிராக்டர்கள்.

அண்ணன் சில்வானோ வாசலில் வந்து நின்றான். "என்னடி, உன் சர்வர் காபி குடிச்சிட்டுத்தான் வருமா?"

யு.பி.எஸ். பேட்டரி போய்விட்டது. பூலா நகரத்துக் கடையில் சொல்லியிருக்கிறேன், அடுத்த வாரம் என்கிறார்கள். எந்த வருஷத்து அடுத்த வாரம் என்று கேட்டிருக்க வேண்டும்.

அக்டோபர் 15, புதன்

இன்று மூன்று தடவை. மூன்று தடவையும் அதே கூத்து.

அக்டோபர் 18, சனி

நடக்கக் கூடாதது நடந்துவிட்டது. சர்வர் எழுந்திருக்கும்வரை ஆலைப் பையன்கள் கூடையில் சாக்பீஸால் பெயர் எழுதினார்கள். ஈரக் கூடை. பெயர் அழிந்து, எஜிதியோவின் ஆலிவும் பங்குத்தந்தையின் ஆலிவும் ஒன்றாகப் போய் அரைபட்டுவிட்டன. எங்கள் மலையில் பெண்டாட்டியை மாற்றிக் கூட்டிப் போனால்கூட ஒரு மாதத்தில் சமாதானம் ஆகிவிடுவார்கள். எண்ணெயை மாற்றினால் ஆக மாட்டார்கள்.

"சாமியார் மரத்துக்கு மருந்தே அடிக்க மாட்டாரு, ஆண்டவர் பாத்துப்பாருன்னு விட்டுடுவாரு!" என்று எஜிதியோ கத்தினார். "அந்தப் புழு அத்தனையும் இப்ப என் எண்ணெயில!" அடுத்த லோடு கீழூர் ஆலைக்குத்தானாம். அவர் போனால் அவர் தெருவே பின்னால் போகும்.

அவர் தலை மறைந்ததும் அண்ணன் என்னிடம் திரும்பினான். "இது லிவியோ வேலை. எழுதி வெச்சுக்கோ."

எழுதி வைத்துவிட்டேன். போதுமா?

லிவியோ எங்கள் தம்பி. முற்றத்துக்கு அந்தப் பக்கம், எண்ணெயைப் பாட்டிலில் அடைக்கும் கொட்டகை அவனுடையது. ஜூலையிலிருந்து அவனுக்கும் அண்ணனுக்கும் பேச்சு கிடையாது. பாட்டிலில் யார் பெயர் மேலே வர வேண்டும் என்று ஆரம்பித்ததாம். அன்றைக்கே லிவியோ ஆலையோடு இருந்த நெட்வொர்க் வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டானாம். நான் அப்போது முழங்கால் அறுவைக்கு ரியேகா ஆஸ்பத்திரியில் கிடந்தேன். திரும்பி வந்தபோது ஒருவர் இருக்கும் இடத்தில் இன்னொருவர் இல்லை. நவம்பரில் புது மது திறக்கும் மார்ட்டின் திருநாள் முடிந்ததும் முற்றத்தின் குறுக்கே சுவர் எழுப்பப் போவதாக அண்ணன் சொல்லிக்கொண்டே இருக்கிறான். சொல்லிக்கொண்டிருக்கும் வரைக்கும் பயமில்லை. செய்ய ஒரு காரணம் கிடைத்துவிடக் கூடாது.

அக்டோபர் 20, திங்கள்

சர்வர் எழுந்திருப்பதைத் திரை முன் உட்கார்ந்து பார்த்தேன். மற்ற வேலையெல்லாம் மளமளவென்று ஓடுகிறது. ஒரு வரியில் வந்து நிற்கிறது: நெட்வொர்க் தயாராகும்வரை காத்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம் இடதும் வலதுமாக நகர்கிறது. பிரசவ அறைக்கு வெளியே நடக்கும் புருஷன் மாதிரி.

யாருக்காகக் காத்திருக்கிறாய் என்றால் அதைச் சொல்வதில்லை.

அக்டோபர் 23, வியாழன்

ஸ்விட்ச் மேல் சந்தேகப்பட்டேன். சில ஸ்விட்ச்கள் வயர் உயிர் பெற்றதும் அரை நிமிடம் யோசித்துவிட்டுத்தான் வழிவிடும். பழையதைக் கழற்றி வேறொன்று போட்டேன். பலன் இல்லை. முகவரி கொடுக்கும் ரூட்டரில் தாமதமோ என்று சர்வருக்கு நிலையான முகவரியே எழுதிக் கொடுத்தேன். மூன்று விநாடி மிச்சம். மூன்று விநாடியை வைத்து என்ன செய்ய?

பேட்டரி வரவில்லை.

அக்டோபர் 24, வெள்ளி

எந்த வேலை எவ்வளவு நேரம் பிடித்தது என்று வரிசைப்படுத்திக் காட்ட லினக்ஸில் ஒரு கட்டளை உண்டு. அதன் பெயருக்கே அர்த்தம் 'குற்றம் சாட்டு' என்பதுதான். வைத்தவன் எங்கள் வீட்டில் பிறந்திருக்க வேண்டும்.

முதல் வரியில் அதே காத்திருக்கும் வேலை, இரண்டு நிமிடம். சரி, நேரம் தின்றவன் அவன்தான். ஆனால் அவன் சும்மா நிற்கிறவன். யாரோ வராததால் நிற்கிறான். வராதவன் பெயர் பட்டியலிலேயே இல்லை.

அக்டோபர் 27, திங்கள்

பிடித்துவிட்டேன்! கேவலம், அரை மணி நேர வேலை. இத்தனை நாள் எங்கெங்கோ தேடியிருக்கிறேன்.

சர்வருக்கு இரண்டு நெட்வொர்க் போர்ட். ஒன்று ஆலைக்கு. மற்றது லிவியோ கொட்டகைக்கு. இரண்டும் தயாரானால்தான் 'நெட்வொர்க் வந்துவிட்டது' என்று அது ஒத்துக்கொள்ளும். இரண்டாவது செத்துக் கிடக்கிறது. ஆலை போர்ட் கண்மூடித் திறப்பதற்குள் தயார், ஆனாலும் இவன் வருவான் வருவான் என்று இரண்டு நிமிடம் நின்று, அலுத்துப்போய், அப்புறம்தான் மேலே போகிறது. கோடையில் சர்வரை யாரும் அணைத்து ஏற்றவில்லை, அதனால் தெரியவில்லை.

மருந்து ஒரே ஒரு வரி. இரண்டாவது போர்ட்டுக்கு நேராகக் 'கட்டாயமில்லை' என்று எழுத வேண்டும். வந்தால் சேர்த்துக்கொள்ளும், வராவிட்டால் நிற்காது. தம்பி பெயர் போட்ட போர்ட்டுக்கு எதிரே அதை எழுத ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. எழுதினேன். அணைத்து ஏற்றினேன். நட்சத்திரம் தலைகாட்டவே இல்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

என் வாய்க்குப் பூட்டுப் போட வேண்டும்.

மின்சாரம் இரண்டு தடவை மங்கியது, இரண்டு தடவையும் தராசு உடனே திரும்பி வந்தது. அண்ணனுக்கு வாயெல்லாம் பல். என்னடி செய்தாய் என்றான். நான் ஒரு முட்டாள், சொன்னேன். லிவியோ பக்கத்து வயருக்காகக் காத்துக்கொண்டிருந்தது, இனிமேல் காத்திருக்காது என்று.

"பாத்தியா! அவன் பிடுங்கிட்டுப் போனதாலதான! சொன்னேனா இல்லையா?"

"அண்ணா, அவன் வேணும்னு..."

"வேணும்னுதான். எஜிதியோ போனது யாரால? இவனால."

சாப்பிடப் போவதற்கு முன்னாலேயே செங்கல்காரருக்குப் போன் போட்டுவிட்டான். சுவருக்குக் கல் ஏழாம் தேதி வருகிறது. சர்வரைச் சரிபண்ணி என்ன கிழித்தேன்? காரணம் கிடைக்கக் கூடாதுன்னு நெனச்சேன், நானே கையில எடுத்துக் குடுத்துட்டேன். ச்சே.

நவம்பர் 1, சனி

எல்லாப் புனிதர் நாள். கல்லறைக்கு இரண்டு தடவை போனேன். காலையில் சில்வானோவோடு, மத்தியானம் லிவியோவோடு. அப்பா அம்மாவுக்கு இரண்டு தொட்டி சாமந்தி, ஆளுக்கொன்று. லிவியோ தன்னுடையதை வைக்கும்போது அண்ணனுடையதைக் கொஞ்சம்கூட நகர்த்தவில்லை. இடம் போதாமல் கல்லின் விளிம்பில் வைத்தான். காற்றில் இரண்டு தடவை விழுந்தது.

"கல்லு வருதாமே," என்றான். அவ்வளவுதான் பேசினான்.

நவம்பர் 3, திங்கள்

லிவியோவை நன்றாகத் திட்டிவிட்டு வரலாம் என்று கொட்டகைக்குப் போனேன். ஒரு வயரைப் பிடுங்கி, ஒரு ஊரையே எதிரியாக்கி, சுவர் வரைக்கும் கொண்டுவந்து விட்டாயே என்று கேட்க வேண்டும். வழியெல்லாம் வாக்கியம் வாக்கியமாகத் தயார் செய்துகொண்டு போனேன்.

அவன் லேபிள்களைக் கையால் எழுதிக்கொண்டிருந்தான். கையால்! சர்வரிலிருந்து எண் வராமல் லேபிள் இயந்திரம் சும்மா கிடக்கிறது, ஜூலையிலிருந்து அப்படித்தானாம்.

"பிடுங்கினேனா? நானா? அக்கா, அங்க பாரு."

பார்த்தேன். சுவரில் என் சின்ன ஸ்விட்ச். அதில் ஆலையிலிருந்து வரும் நீல வயர். நான் நாலு வருஷத்துக்கு முன்னால் செருகியபடியே, ஒட்டிய பெயர்ச்சீட்டோடு இருந்தது. விளக்கு மட்டும் எரியவில்லை.

"அவன்தான் அந்தப் பக்கத்துல அணைச்சான். காலைல என் ஸ்கிரீன்ல எல்லாம் போச்சு. மத்தியானம், 'ஏன்டா என்னை வெட்டி விட்ட'ன்னு கேக்கப் போனேன். நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி அவன், 'உன் கணக்கு என் ஸ்கிரீன்ல வரல, ஏன்டா வயரப் பிடுங்கின'ன்னான். என்ன நடிப்புப்பா!"

"பாட்டில் பேரு சண்டை?"

"அது அப்புறம். வாய் தகராறு ஆரம்பிச்சா பழசு எல்லாம் வரும்ல?"

திட்டத் தயார் செய்த வாக்கியங்கள் எல்லாம் வீண். சர்வர் பக்கத்திலும் வயர் செருகித்தான் இருக்கிறது, நானே பார்த்திருக்கிறேன். இரண்டு முனையும் இடத்தில் இருக்கிறது. அப்படியென்றால் நடுவில்?

நவம்பர் 4, செவ்வாய்

வயர் சோதிக்கும் கருவியை அலுவலக முனையில் மாட்டினேன். எத்தனை மீட்டரில் அறுந்திருக்கிறது என்று அது சொல்லும். சொன்னது. டேப்பை இழுத்துக்கொண்டு, வலிக்கும் முழங்காலோடு, வயர் புதைத்த வழியே முற்றத்தில் நடந்தேன். டிராக்டர்காரர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். டேப் போய் நின்ற இடம் கழிவுநீர்க் கால்வாய். ஜூலையில் சில்வானோ வெட்டிய புதுக் கால்வாய்.

எஜிதியோ மிச்ச ஆலிவோடு திரும்பி வந்திருந்தார் (கீழூரில் வரிசை இன்னும் நீளமாம்). தோண்டும் இயந்திரம் அவருடையதுதான், அண்ணன் வாடகைக்கு எடுத்தான். எந்த நாள் என்று கேட்டேன். "என் மகள் பிறந்த நாளுக்கு முந்தின நாள். உங்கண்ணன் திருப்பித் தரும்போது அலம்பிக்கூடத் தரல." சர்வரின் பதிவைப் பார்த்தேன். இரண்டாவது போர்ட் செத்தது அன்றைக்கே காலையில்.

வெட்டினவன் அவன். பிடுங்கினான்னு கத்தினவனும் அவன். கடவுளே, இவனை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?

நவம்பர் 5, புதன்

மத்தியானச் சாப்பாட்டில் சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை. "அண்ணா, வயரை வெட்டினது நீ. கால்வாய் தோண்டும்போது. லிவியோ தொடவே இல்லை."

புது எண்ணெயில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்தான். தோய்த்ததைச் சாப்பிட்டான். இன்னொரு துண்டு எடுத்தான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"அவ்வளவு மேலாவா புதைச்சீங்க வயரை?"

இதுதான் என் அண்ணன். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். இல்லாவிட்டால் தலையில் கவிழ்த்திருப்பேன்.

நவம்பர் 6, வியாழன்

பேசவில்லை. நானும் பேசவில்லை. இப்போது இந்த வீட்டில் மூன்று பேர் பேசிக்கொள்வதில்லை.

நவம்பர் 7, வெள்ளி

கல் வந்து இறங்கியது. நான்கு அடுக்கு. முற்றத்தின் நடுவில். அண்ணன் வேண்டாம் என்று சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டு வாங்கினான். லிவியோ கொட்டகைக் கதவை உள்ளேயிருந்து சாத்திக்கொண்டான்.

பேட்டரியும் இன்றுதான் வந்தது. மாட்டினேன். அழுகை வந்தது, வேறு வேலை இல்லாமல்.

நவம்பர் 8, சனி

காலையில் ஜன்னலைத் திறந்தால் அண்ணன் முற்றத்தில் மண்வெட்டியோடு. கல் அடுக்குக்குப் பக்கத்திலேயே தோண்டிக்கொண்டிருக்கிறான். மார்ட்டின் திருநாள் வரைக்கும்கூடப் பொறுக்க முடியவில்லை! செருப்பில்லாமல் ஓடினேன்.

"அஸ்திவாரம் போட ஆரம்பிச்சிட்டியா? என் பொணத்து மேல கட்டு!"

"கத்தாதடி. சுவருக்கு இல்ல. வயரத் தேடறேன்."

வெறுங்காலில் ஈர மண் சில்லிட்டது. அவன் என்னைப் பார்க்கவில்லை, தோண்டிக்கொண்டே இருந்தான். அறுபது வயசு, மூச்சு வாங்குகிறது. கொட்டகைக் கதவு திறந்தது. லிவியோ வெளியே வந்து பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு நின்றான். ஆலையிலிருந்து வந்த பையன்கள்கூட வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

கடைசியில் லிவியோதான் வாயைத் திறந்தான். "ரெண்டடி இந்தப் பக்கம். எதையாவது நேரா தோண்டியிருக்கியா நீ?"

அண்ணன் நிமிர்ந்தான். முகம் சிவந்துவிட்டது. சரி, முடிந்தது என்று நினைத்தேன். அவன் இரண்டடி நகர்ந்து தோண்டினான்.

வயர் வந்தது. கத்தியால் வெட்டிய மாதிரி இல்லை, பிய்ந்து தொங்கியது. லிவியோ குனிந்து எடுத்துப் பார்த்தான். அண்ணன் மண்வெட்டிக் காம்பில் சாய்ந்துகொண்டு தரையைப் பார்த்துச் சொன்னான்: "புது வயர கொஞ்சம் ஆழமா போடணும்."

"ஆமா. உனக்கு எட்டாத ஆழத்துல."

மன்னிப்பு என்று யாரும் கேட்கவில்லை. இந்த வீட்டில் இதற்கு மேல் எதிர்பார்ப்பது பேராசை.

நவம்பர் 10, திங்கள்

புது வயர், குழாய்க்குள், இடுப்பளவு ஆழம். நான் முனைகளை மாட்டினேன். இரண்டு பேரும் தலைக்கு மேல் நின்று ஆலோசனை சொன்னார்கள். ஒருவனுக்கும் ஒன்றும் தெரியாது.

நவம்பர் 11, செவ்வாய், மார்ட்டின் திருநாள்

அரைவை முடிந்தது. கடைசி லோடு எஜிதியோவுடையது, தனியாக, ஒரு புழு குறையாமல் அவர் எண்ணெயாகவே போயிற்று.

எல்லோரும் சாப்பிடப் போனதும் சர்வரை ஒருமுறை அணைத்து ஏற்றினேன். பத்து விநாடி. இரண்டு போர்ட்டிலும் பச்சை விளக்கு. லிவியோவின் லேபிள் இயந்திரம் எண்களை அச்சடிப்பது இங்கே வரைக்கும் கேட்டது.

முற்றத்தில் கல் அடுக்கின்மேல் பலகை போட்டு, புது மதுவும் சுட்ட தொத்திறைச்சியும் வைத்திருக்கிறார்கள். பாட்டிலில் யார் பெயர் மேலே வர வேண்டும் என்று அண்ணனும் தம்பியும் மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள். ஊருக்கே கேட்கும் சத்தம். நேற்று ராத்திரி தூங்கிய மாதிரி இந்த நாலு மாதத்தில் நான் தூங்கியதில்லை.

'கட்டாயமில்லை' என்ற அந்த வரியை இனி எடுத்துவிடலாம். கோப்பைத் திறந்தேன். ஜன்னல் வழியே லிவியோவின் குரல்: "மண்வெட்டியும் கையுமா அலையிறவன் பேரையெல்லாம் பாட்டில்ல போட முடியாது!"

வரியை எடுக்காமல் கோப்பை மூடிவிட்டேன்.