ஐந்தாவது நிமிடத்து ஓட்டு

அன்பு மகள் பொடிசுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம், நலம் என்றால் கை கால் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன, மற்றதைக் கீழே எழுதுகிறேன். நீ நலமா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, கழுத்து வலி எப்படி இருக்கிறது. காகிதத்தில் கடிதம் வந்திருக்கிறதே என்று பதறாதே, யாருக்கும் எதுவும் ஆகிவிடவில்லை. வரிகள் கோணலாகப் போனால் சிரிக்காதே, அடியில் ஸ்கேலை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், அதற்கும் காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

உன் தம்பிக்கு மறுபடியும் காலை ஷிப்ட் போட்டுவிட்டார்கள், பேருந்தை எடுக்க விடிவதற்குள் கிளம்பிவிடுகிறான். அவன் குழந்தைக்கு மேல்பல் இரண்டு முளைத்திருக்கிறது, கையில் கிடைத்ததை எல்லாம் கடிக்கிறது, என் ஸ்க்ரூடிரைவர் பிடியில்கூடப் பல் பதிந்திருக்கிறது. அம்மா மருந்துக்கடையில் இப்போது கல்லாவில் உட்காருகிறாள், நின்று நின்று கால் வீங்கியதைப் பார்த்து முதலாளியே நாற்காலி கொடுத்தார், கொடுத்த நாளிலிருந்து கடையே தன்னுடையது போல் அதிகாரம். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை, நேற்று மட்டும் குழாயை மூடினேனா என்று நாலு தடவை போய்ப் பார்த்தேன். இந்தக் கடிதத்தையும் மூன்று முறை தொடங்கிக் கிழித்தேன், அம்மா குப்பைக்கூடையைப் பார்த்துவிட்டு யாருக்கு ராஜினாமா எழுதுகிறீர்கள் என்று கேட்டாள்.

நீ வெளிநாட்டுக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம் அந்தத் தளத்தில் எனக்கு ஒரு கணக்குத் திறந்து கொடுத்தாயே, இது பிளாக்செயின் அப்பா, எழுதியது அழியாது, படிக்கிறவர்கள் ஓட்டுப் போட்டால் தளத்து நாணயத்தில் வெகுமதி வரும், சும்மா இருக்காமல் நீங்கள் லிஃப்ட் ரிப்பேர் பார்த்த கதைகளை எழுதுங்கள் என்றாயே. எழுதினேன். நாலு வருஷத்தில் இருநூற்றுச் சொச்சம் பதிவு, எந்த மோட்டார் எப்போது முனகியது, எந்தக் கதவு யார் புடவையைப் பிடித்தது என்று ஒன்றும் பாக்கி வைக்கவில்லை. ஒவ்வொன்றையும் போட்ட ஐந்தாவது நிமிடம் உன் ஓட்டு வந்து விழும், நாலும் இல்லை ஆறும் இல்லை. அம்மாவும் நானும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்போம், வந்ததும் பார்த்துவிட்டாள் என்று சொல்லிவிட்டு அம்மா தன் வேலையைப் பார்க்கப் போவாள். எத்தனை தூரத்தில் இருந்தாலும் பெண் எனக்காக ஐந்து நிமிடம் ஒதுக்குகிறாள் என்று பழைய கூட்டாளிகளிடம் பீற்றிக்கொண்டேன். லிஃப்டில் ஒரு காரியம் அத்தனை சரியாக ஒரே நேரத்தில் நடந்தால் உள்ளே தானாக இயக்கிவிடும் ரிலே இருக்கிறது என்று அடித்துச் சொல்கிறவன் நான், உன் விஷயத்தில் மட்டும் எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை.

மூன்று மாதத்துக்கு முன்பு ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் சரியாக நிற்கவில்லை என்று கூப்பிட்டார்கள். போய் எல்லா மாடியிலும் மட்டம் பார்த்து வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் காவல்காரர் போன் செய்து, நாலாம் மாடியில் இன்னமும் இரண்டு விரல் கீழே நிற்கிறது, ஒரு அம்மாள் தடுக்கி விழப் பார்த்தாள் என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம், உனக்குக் கண் கோளாறா என்று கேட்டுவிட்டேன். திரும்பப் போய்ப் பார்த்தாலும் என் கண்ணுக்குத் தரையும் தரையும் ஒட்டித்தான் நின்றன, விரலை வைத்துத் தடவிய பிறகுதான் பள்ளம் தெரிந்தது. கோளாறு எனக்குத்தான். வலது கண்ணின் விழித்திரையில் சுருக்கம் விழுந்திருக்கிறதாம், நேர்கோடு வளைந்து தெரிகிறது. இடது கண்ணில் நீ பிறப்பதற்கு முன்பு வெல்டிங் பொறி பட்டதிலிருந்து பாதிப் பார்வைதான், அது உனக்குத் தெரியும். வலதை ஆபரேஷன் செய்ய வேண்டும், சரியாகிவிடும் என்று உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். போனில் உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. எதையும் யாரிடமும் கேட்டுப் பழகாத நாக்கு இது. அதனால் வழக்கம் போல் ஒரு பதிவு எழுதினேன், நாலாம் மாடி இரண்டு விரல் என்று தலைப்பு, கடைசிப் பத்தியில் எல்லாவற்றையும் எழுதி, பொடிசு, அன்றைக்கு நீ பக்கத்தில் இருந்தால் தைரியமாக இருக்கும் என்று முடித்தேன். ஐந்தாவது நிமிடம் உன் ஓட்டு விழுந்தது. பார்த்துவிட்டாள் என்றாள் அம்மா, இந்தத் தடவை எழுந்து போகாமல் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ பேசினாய், மழை, ஆபீஸ், புது மேனேஜர், கழுத்து வலி. கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. வர முடியாது என்பதை எப்படிச் சொல்வது என்று தவிக்கிறாய் போலிருக்கிறது என்று நான் நினைத்தேன், அம்மா அப்படி நினைக்கவில்லை. நீ எதைக் கேட்டாலும் இரண்டு மாதமாக ம் என்று மட்டும் பதில் சொன்னாளே, அதற்கு இதுதான் காரணம், உன் மேல் ஒரு தப்பும் இல்லை. அதோடு விட்டதா, அடுத்த சில நாட்களில் உன் ஓட்டே சுருங்கத் தொடங்கியது. ஒரு பதிவுக்கு ஒரு வாரக் காய்கறிக்கு ஆகிற வெகுமதி வரும், அது ஒரு டீக்குக்கூடக் காணாது என்று ஆகிவிட்டது. முழுதாகப் போட்டுக்கொண்டிருந்தவள் வேண்டுமென்றே குறைத்துவிட்டாய், இந்தக் கிழவனை மெல்லக் கழற்றிவிடுகிறாய் என்று எண்ணினேன். அப்படி எண்ணியதற்கு என்னை மன்னித்துவிடு. அந்த நாட்களில் வீட்டுக்குள்ளேயே ஏழெட்டு மைல் நடந்திருப்பேன்.

போன வாரம் பொறுக்க முடியாமல் தெருமுனையில் போன் பழுது பார்க்கும் கடைக்குப் போனேன். அந்தப் பெண்ணைத் தெருவே சார்ஜர் அக்கா என்றுதான் கூப்பிடும், அவளும் அந்தத் தளத்தில் எழுதுகிறவள். உன் பக்கத்தைத் திறந்து காட்டி விளக்கினாள். நமக்கெல்லாம் ஓட்டு பலம் என்று ஒன்று உண்டாம், முன்பு ஒரு ஓட்டுப் போட்டால் இருக்கிற பலத்தில் நூற்றில் இரண்டு பங்கு கரையும், ஒரு நாளைக்கு இருபது பங்கு தானாக ஊறும், அள்ளி அள்ளிப் போட்டாலும் அவ்வளவாகத் தெரியாது. நான் அந்தப் பதிவைப் போட்ட பத்தாம் நாள் விதியை மாற்றிவிட்டார்கள், இப்போது ஒரு ஓட்டுக்குப் பத்துப் பங்கு போகிறது, ஊறுவது மட்டும் அதே இருபது. ஒரு நாளைக்கு இரண்டு ஓட்டோடு நிறுத்துகிறவர்களுக்குப் பலம் நிறைந்தே இருக்கும், அவர்கள் தொட்ட பதிவுக்கு வெகுமதியும் கொழிக்கும். நீ தினம் இருபது பேருக்குப் போடுகிறாய், உன் பலம் நூற்றில் பதினொன்றுக்கு வந்துவிட்டது. வேண்டுமென்று குறைக்கவில்லை என்றதும் எனக்கு உயிர் வந்தது. இருந்தாலும் விட மனமில்லாமல், வேலை பார்க்கிற பிள்ளை, தினம் இருபது பதிவு எப்படிப் படிக்கிறாள் என்று கேட்டேன். அவள் நாய் வளர்ப்பவர் ஒருவருடைய பதிவையும் நமக்குத் தெரியாத மொழியில் இருந்த இன்னொன்றையும் காட்டினாள், இரண்டிலும் சரியாக ஐந்தாவது நிமிடம் உன் ஓட்டு. "அண்ணே, இது உங்க பொண்ணு போடுறது இல்ல. எப்பவோ செட் பண்ணி விட்டிருக்காங்க, மெஷின் போடுது."

கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. நீ என்னைக் கைவிடவில்லை, உனக்கு விஷயமே தெரியாது. ஆனால் நாலு வருஷமாக நானும் அம்மாவும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு மெஷினுக்காக. வலிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், வலித்தது. அப்புறம் யோசித்தேன், அப்பா எழுதுகிறதற்கு ஒரு நாளும் ஓட்டு விடுபடக் கூடாது என்று நினைத்துத்தானே அதை வைத்தாய். அம்மாவிடம் சொன்னேன், "பாவம் புள்ளைய ரெண்டு மாசமா ம் போட்டுக் கொன்னுட்டேனே" என்றாள். இனி போனில் ஒழுங்காகப் பேசுவாள், நீயும் ஒன்றும் நடக்காதது போல் பேசு.

ஆபரேஷன் அடுத்த மாதம் இருபத்திரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு. லீவு கிடைக்குமா, டிக்கெட் என்ன விலை என்பதெல்லாம் உன் பாடு, கிடைக்காவிட்டால் அதற்காக மருகாதே, தம்பி இருக்கிறான். ஆனால் மெஷின் படித்த கடைசிப் பத்தியை நீ படிக்க வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது பொடிசு. நீ பக்கத்தில் இருந்தால் குறையும்.

உனக்கு எல்லா நலமும் சேரட்டும், எடுத்த காரியம் எல்லாம் ஜெயிக்கட்டும், அம்மாவின் முத்தமும் ஆசியும் இதோடு வருகின்றன. கம்ப்யூட்டருக்குக் கீழே ஒரு பெட்டியை வைத்து உயர்த்திக்கொள், கழுத்து வலி தானாகப் போகும். இன்னொன்று, மறக்காதே. ஏழு நாள் தாண்டிய பதிவுக்கு யார் ஓட்டுப் போட்டாலும் வெகுமதி வராதாம், மெஷினும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதாம். அந்த நாலாம் மாடிப் பதிவைத் தேடிப் படித்துவிட்டு உன் கையால் இன்னொரு தடவை ஓட்டுப் போடு, முன்பு போட்டதை எடுத்துவிட்டுப் போடலாம் என்று சார்ஜர் அக்கா சொன்னாள். ஒரே ஒரு சதவீதம் வைத்தால் போதும், ஒரு காசும் வராது. அது வந்தால் நீ படித்துவிட்டாய் என்று எங்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும்
உன் அப்பா