டப்பா இப்போது சோழவரத்தில் இருக்கிறது

என் நைனாவுக்கு,

உன் தனம்தான். இன்று கம்பெனியில் பாக்கிங் வேலை, நாள் முழுக்க நின்றே. ஆணிப் பெட்டி தூக்கித் தூக்கி இடுப்பு ஒரு பக்கமாக இழுக்கிறது. ரயிலில் உட்கார இடம் கிடைக்கவில்லை. கும்மிடிப்பூண்டியிலிருந்து மீஞ்சூர் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டே தூங்கியிருக்கிறேன். உலை வைத்துச் சோறும் வடித்தாயிற்று. சாப்பிடத்தான் மனசு வரவில்லை.

உன்னிடம் ஒரு சேதி சொல்ல வேண்டும். டப்பாவைக் கொடுத்துவிட்டேன். கோபப்படாதே நைனா, முழுசாகக் கேள். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன், அப்போதுதான் எனக்குக் கோர்வையாக வரும்.

பழவேற்காட்டு ஏரியில் வலை வீசின ஆள் நீ. மீன்பாடு செத்துப்போன காலத்தில் கிளிஞ்சல் சுடுகிற சுண்ணாம்புக் காளவாய்க்கு வேலைக்குப் போனாய். அம்மா போய்ச் சேர்ந்த மறு வருஷம், நீற்றுகிற சுண்ணாம்பு முகத்தில் தெறித்து இரண்டு கண்ணும் போயின. அன்று உன் கையைப் பிடித்து வீடு வரைக்கும் கூட்டி வந்தது, காளவாயில் உன்னோடு வேலை பார்த்த அந்தோணி அண்ணன்தான். அதற்குப் பிறகு நீ கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவன், வாயே திறக்கவில்லை. என்னிடம்கூட, தண்ணீர் வேண்டும் என்றால் சொம்பைத் தட்டுவாய், அவ்வளவுதான்.

அந்த நாளில்தான் அந்த நாய்க்குட்டி வந்தது. பால்பவுடர் டப்பாவுக்குள் தலையை விட்டு, எடுக்கத் தெரியாமல் தண்டவாளத்து ஓரம் முட்டி மோதிக்கொண்டு கிடந்தது. நான் தூக்கி வந்து உன் மடியில் போட்டேன். நீ தடவிப் பார்த்து, காதை மடக்கி மெதுவாக அதன் தலையை வெளியே எடுத்தாய். "இதுவும் நம்மள மாதிரி இருட்டுல கெடந்துகிது" என்றாய். பல மாதம் கழித்து நீ பேசின முதல் பேச்சு அது. டப்பா என்று நீதான் பேர் வைத்தாய்.

அதற்கு வேலை கற்றுக்கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது பக்கத்து வீட்டுக் கமலா அக்காவால். நான் கம்பெனிக்குப் போயிருந்த நேரம் உன் கைத்தடி விழுந்து உருண்டுபோக, நீ தரையில் மண்டிபோட்டுத் துழாவிக்கொண்டிருந்திருக்கிறாய். அவள் ஓடி வந்து எடுத்துக் கொடுத்ததற்கு அவளைத் திட்டி அனுப்பியிருக்கிறாய். கமலா அக்கா அழுதுகொண்டே சொன்னாள். எனக்கு உன்மேல் கோபம் வரவில்லை. மனுஷர் எடுத்துக் கொடுத்தால்தானே உனக்கு ரோஷம் வருகிறது, நாய் எடுத்துக் கொடுத்தால் வராதே என்று நினைத்தேன்.

முருங்கைக் குச்சியை ஒடித்து இரண்டு போட்டால் எந்த நாயும் கேட்கும் என்று தெருவில் எல்லாரும் சொன்னார்கள். நீதான் வேண்டாம் என்றாய். "அடிச்சா அது நம்ம கையப் பாத்துகினு இருக்கும் தனம். தடிய எங்க பாக்கும்? ருசி காட்டு. தன்னால வரும்" என்றாய்.

சென்னாக்குனிக் கருவாட்டை, அந்தப் பொடி இறாலை, ஒரு டம்ளரில் போட்டு உன் பக்கத்தில் வைத்தேன். நாய் என்ன செய்கிறது என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் அது உன் கையிலிருந்துதான் வாங்கித் தின்ன வேண்டும். அதற்காக நமக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். சரியாகச் செய்கிற அந்த நொடியில் நான் "ஆங்" என்பேன், நீ கருவாட்டை நீட்டுவாய். முதலில் தடியைத் திரும்பிப் பார்த்ததற்கே ஆங். அது பழகினபிறகு மூக்கால் தொட்டால்தான். பிறகு வாயில் கவ்வினால்தான். ஒவ்வொரு படியாக ஏற்றினோம். கொஞ்சம் அவசரப்பட்டு இரண்டு படியை ஒன்றாகத் தாண்டச் சொன்னால், டப்பா குழம்பிப்போய்ப் படுத்துக்கொள்ளும். மறுபடி கீழ்ப் படிக்கு இறங்கி வர வேண்டும். ஷிப்ட் முடிந்து வந்து, கண் சொருகச் சொருக நான் ஆங் சொன்ன சாயங்காலங்கள் எத்தனை!

ஆங் என்ற சத்தம் கேட்டதுமே தடியைக் கீழே போட்டுவிட்டுக் கருவாட்டுக்கு ஓடி வரும். அதில் பல நாள் போயிற்று. தடி உன் உள்ளங்கையில் பட்டு, நீ விரலை மடக்கினபிறகுதான் வாயைத் திறப்பது என்று வைத்துக்கொண்டதும் சரியாயிற்று. அப்புறம் அது எதைக் கண்டாலும் தூக்கி வர ஆரம்பித்தது. பால்காரர் செருப்பு, கமலா அக்கா வீட்டு அகப்பை. கேட்டதைக் கொண்டுவந்தால் மட்டும்தான் கருவாடு என்று நீ கையை மூடிக்கொண்டாய். அகப்பையை உன் மடியில் போட்டுவிட்டு அது உன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். உனக்கு அது தெரியாது, நான்தான் சொல்வேன்.

அதைவிடக் கஷ்டம் நடை. அதன் இடுப்பில் கட்டின கயிற்றை நீ பிடித்துக்கொள்ள, அது உன் முன்னால் நடக்கப் பழகிக்கொண்டது. ஆனால் ரயிலடிக்குப் போகிற வழியில் அந்த வாய்க்கால் இருக்கிறதே, அங்கே நிற்க வேண்டும். நீ போ என்றாலும் போகக் கூடாது. சொன்னதைக் கேட்டால் கருவாடு என்று அதுவரைக்கும் பழக்கிவிட்டு, இங்கே மட்டும் சொன்னதைக் கேட்காமல் இருந்தால் கருவாடு என்று எப்படிப் புரியவைப்பது? வாய்க்கால் ஓரத்தில் ஒரு கொம்பைக் குறுக்கே போட்டு, முட்டி நின்றால் ஆங் என்றேன். பிறகு கொம்பை எடுத்துவிட்டோம். நீ "போ, போ" என்று அதட்டுவாய், அது நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நிற்கும். முதல் தடவை அது அசையாமல் நின்றபோது நீ சிரித்தாய். "உங்க அம்மா மாதிரியே இக்குது. இன்னா சொன்னாலும் கேக்காது" என்றாய்.

நீ தனியாக டீக்கடைக்குப் போன ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? பின்னால் வரக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு போனாய். நான் வாசலிலேயே நின்றேன். அந்த நேரம் பார்த்து ஒரு கூட்ஸ் வண்டி கூவிக்கொண்டு போனது, நான் வாசற்காலை இறுகப் பிடித்துக்கொண்டேன். நீ திரும்பி வரும்போது சட்டைப் பையில் எனக்கு ஒரு பன் இருந்தது. யாரிடமும் வழி கேட்கவில்லை என்று நீ மூன்று தரம் சொன்னாய். அதற்குப் பிறகு உனக்கு இரண்டு வருஷம் அந்த டீக்கடை இருந்தது. ஐப்பசி மழையில் நெஞ்சில் சளி கட்டி, பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பி வரவில்லை.

உன் காரியம் முடிந்து எல்லாரும் போனபிறகு, டப்பா மூலையில் சாத்தியிருந்த தடியைக் கவ்விக்கொண்டு வந்து, கட்டிலில் உன் கை இருக்கிற இடத்தில் வைத்தது. வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டது. நான் கருவாடு எடுத்துக் கொடுத்தேன். மறுநாளும் செய்தது, மறுநாளும் கொடுத்தேன். நான் வேலையிலிருந்து வந்ததும் அதற்கு அதே வேலை. "குடுக்காத தனம். நீ குடுத்துகினே இருந்தா அதுக்கு எப்டி மறக்கும்?" என்று கமலா அக்கா சொன்னாள். அவள் சொன்னது எனக்குத் தெரியாதா? கொடுக்காவிட்டால் கொஞ்ச நாளில் விட்டுவிடும். அது விட்டுவிட்டால் இந்த வீட்டில் உன்னைத் தேட வேறு யார் இருக்கிறார்கள்?

அப்படி இருக்கும்போதுதான் அந்தோணி அண்ணனின் வீட்டுக்காரி பிலோமினா அண்ணி வந்தாள். அண்ணனுக்கும் அதே சுண்ணாம்புதான் நைனா. ஒரு கண் சுத்தமாகப் போய்விட்டது, இன்னொன்றில் நிழல் மாதிரி ஏதோ தெரிகிறதாம். காளவாய் வேலையை விட்டு, சோழவரத்தில் அண்ணியின் தாய் வீட்டோடு போய்விட்டார்கள். அண்ணி வயல் வேலைக்குப் போகிறாள், அவர் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறார். என்னிடம் துக்கம் விசாரிக்க வந்தவள், டப்பா தடியைக் கொண்டுபோய்க் கட்டிலில் வைக்கிறதைப் பார்த்துவிட்டாள். போகும்போது, "கேக்கக் கூடாது, இருந்தாலும் கேக்குறேன். இத்த எங்க ஊட்டுக்குக் குடுப்பியா தனம்?" என்றாள்.

முடியாது என்றுதான் சொன்னேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். ஆனால் மறுநாள் வேலை முடிந்து ரயிலடியில் இறங்கி டீக்கடையைத் தாண்டி வரும்போது, அந்தோணி அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார் என்று நினைப்பு வந்தது. நீ படுத்திருந்தது எனக்குத் தெரியுமே. தெரிந்துகொண்டு எப்படிச் சும்மா இருக்கிறது?

வைக்கோல் ஏற்றிப்போன மாட்டு வண்டியில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சோழவரம் போனேன். அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. "நாயாண்ட வழி கேக்குற நெலமைக்கு வந்துட்டனா நானு?" என்று தன் கைத்தடியைத் தூக்கி எறிந்தார். டப்பா ஓடிப்போய் எடுத்து வந்து அவர் கையில் வைத்தது. மறுபடி எறிந்தார், மறுபடி கொண்டுவந்தது. என் வாயில் தன்னால் ஆங் என்று வந்துவிட்டது. கருவாடு நீட்ட அங்கே ஒரு கையும் இல்லை. அது அவரைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதிலிருந்து வாராவாரம் ஞாயிறு பஸ் பிடித்துப் போனேன். இருக்கிறது ஒரு நாள் ஓய்வு, அதுவும் போயிற்று. நாய்க்குக் கற்றுக்கொடுக்க ஒன்றும் இல்லை, அண்ணனுக்குத்தான் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. ஆங் என்றதும் உடனே நீட்டுங்கள், தாமதமானால் எதற்குக் கொடுத்தோம் என்று அதற்குத் தெரியாது, கத்தாதீர்கள் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. அவர் நீட்டினார். அது வாங்கித் தின்றது. தின்றுவிட்டு என் காலடியில் வந்து படுத்துக்கொண்டது. நான் கிளம்பினால் கயிற்றை இழுத்துக்கொண்டு பஸ் வரைக்கும் ஊளையிடும். இது நடக்காது அண்ணி, கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன் என்று ஒருநாள் நானே சொன்னேன்.

அடுத்த ஞாயிறு சோழவரத்தில் கார் பந்தயம். நான் போய் இறங்கும்போதே அந்தப் பழைய விமானத் திடல் பக்கம் மோட்டார்கள் காட்டுத்தனமாகக் கத்திக்கொண்டிருந்தன. டப்பா அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. உடம்பு வெடவெடக்க அண்ணன் கட்டிலுக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொண்டது. நான் கூப்பிட்டேன், வரவில்லை. கருவாட்டைக் காட்டினேன், முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அப்போது அண்ணன் கட்டிலை விட்டு இறங்கித் தரையில் குந்தினார். தடவித் தடவி அதைக் கண்டுபிடித்து, காது இரண்டையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். "ஒன்னியும் இல்லடா. வண்டிங்க ஓடுது. எனக்கும் பேஜாராத்தான் கீது" என்றார். பந்தயம் முடிகிறவரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தார். யாரும் சொல்லித் தராமல் அவர் அதைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

போன ஞாயிறு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் தடியைக் கீழே விட்டார். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். டப்பா எடுத்துக் கொடுத்தது. "ஆங்" என்றது பிலோமினா அண்ணி. அது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை நைனா. நேராக அவர் கையைத்தான் பார்த்தது. அப்புறம் அண்ணனும் டப்பாவும் ஏரிக்கரைப் பக்கம் கிளம்பினார்கள். மேட்டில் வழுக்குகிற இடத்தில் அது நின்றது. அவர் போ என்றார், அது போகவில்லை. "சரி, நீ சொல்றதே சரி" என்று அவர் திரும்பி வந்தார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எங்கேயாவது போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

சொல்லாமல் கிளம்பிவிடலாம் என்று கதவோரம் நின்றேன். நான் நிற்பது அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. "தனம், நான் சொல்றன்னு தப்பா நெனச்சிக்காத. நீ வாராவாரம் வந்துகினு இருந்தா அது வாரம் முழுக்க வாசலையே பாத்துகினு குந்தினு இக்குது. நீ கொஞ்ச நாளு வராத, கண்ணு" என்றார். சரிதான் அண்ணே என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது, ஆனாலும் நின்றுகொண்டே வந்தேன்.

உன்னிடமும் அதைத்தான் சொல்ல வந்தேன் நைனா. டப்பா என்னைத் தேடுவதை விடுகிற வரைக்கும் நான் சோழவரம் பஸ்ஸில் ஏற மாட்டேன். எத்தனை மாதமானாலும் சரி. என்றைக்காவது அது எதிரில் வந்தாலும், ஒருவேளை அடையாளம் கண்டு வாலாட்டினாலும், வாய் திறக்காமல் தாண்டிப் போவேன். இது உன்மேல் சத்தியம். இப்போது எழுந்து போய்ச் சாப்பிடுகிறேன், நாளைக்குக் காலை ஷிப்ட்.

உனக்குக் கண்ணாக இருந்த மகள்,
தனம்