ஆள் இல்லாத அறைக்கு ஏசி

பெரியநாயக்கன்பாளையம்

அன்பு மகன் ஹர்ஷாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. உன் அப்பா, நான், தங்கச்சி ஹாரிகா மூன்று பேரும் இங்கே சௌக்கியம், நீயும் மருமகள் மேக்னாவும் அந்தக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டும் என்று தினமும் விளக்கு வைக்கும்போது சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், போன வாரம் போனில் நீ இருமினது இன்னும் என் காதிலேயே நிற்கிறது. போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்பாய், நீ எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், மேக்னா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், பெற்ற பிள்ளையிடம் மனசுவிட்டு ஒரு பேச்சுப் பேச முடிகிறதா. அரங்கசாமி மாமா மெஷின் கண்காட்சிக்கு ஜெர்மனி வருகிறார், அவரிடம் பருப்புப்பொடியோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன், பொடி மேக்னா கைக்குப் போகட்டும், கடிதம் உன் கைக்கு வரட்டும். கண்புரை ஆபரேஷன் ஆனதிலிருந்து எனக்கு எழுத்துச் சரியாகத் தெரியவில்லை, அதனால் நான் சொல்லச் சொல்ல ஹாரிகாதான் எழுதுகிறாள். எழுதத்தான் வேண்டும், படிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன், சரிங்கம்மா என்றாள்.

உன் அறையை நீ விட்டுப்போனது போலவே வைத்திருக்கிறேன் கண்ணு. மெத்தையில் யாரையும் உட்கார விடுவதில்லை, மத்தியானத்தில் நான் மட்டும் போய்க் கட்டிலுக்குக் கீழே வெறுந்தரையில் கொஞ்ச நேரம் படுத்திருப்பேன், மேலே நீ தூங்குவது போல இருக்கும். ஏசியை ஓட்டாமலே விட்டுவைத்தால் கெட்டுப்போகும் என்று மெக்கானிக் சொன்னார், அதனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதைப் போட்டுவிட்டு, குளிர் வெளியே போகாமல் கதவைச் சாத்திவிட்டு, நாங்கள் மூன்று பேரும் ஹாலில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இந்த வெயிலில் உன் அறை ஜில்லென்று இருக்கிறது என்று நினைத்தாலே எனக்கு வேர்வை அடங்கிவிடும். ஒருநாள் அப்பா நைசாக உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார், நான் போட்ட சத்தத்தில் எழுந்து வந்துவிட்டார்.

இப்போது அந்த அறைக்குத்தான் ஆபத்து வந்திருக்கிறது. அப்பாவுக்கு முதுகு ஆபரேஷன் நடந்தபோது ஆபீசில் உன் மனசு கலங்கும் என்று உனக்குச் சொல்லாமல், பதினொன்றாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஹாரிகாவை நிறுத்தி வீட்டோடு வைத்துக்கொண்டோம், பெண்பிள்ளைக்கு அவ்வளவு சீக்கிரம் மனசு கலங்காது. அதற்கப்புறம் அவளும் பள்ளிக்கூடத்துப் பேச்சை எடுக்கவில்லை, ரவிக்கை தைக்கக் கற்றுக்கொண்டு அக்கம்பக்கத்துக்கெல்லாம் தைக்கிறாள், மெஷினை அடுப்பங்கரையில் ஒரு ஓரமாகப் போட்டுக்கொடுத்தேன். போன மாதம் பக்கத்து வீட்டு நாச்சியம்மாள் மகளுடைய முகூர்த்த ரவிக்கை மெஷினில் இருக்கும்போது நான் கடுகு தாளித்தேன், எண்ணெய் தெறித்துவிட்டது. என்மேல் தப்பில்லை, தாளிக்காமல் சாம்பார் வைக்க முடியுமா. நாச்சியம்மாள் வந்து கறையைப் பார்த்தாள், சாத்தியிருந்த கதவைப் பார்த்தாள், ஏனுங்க கனகம், அந்த ரூம்புல ஆருங்க இருக்கறாங்க என்றாள். பையன் ரூம்புங்க என்றேன். பையன் எங்கீங்க என்றாள், ஜெர்மனிங்க என்றேன். அப்ப ஜெர்மனில இருக்கறவனுக்கு இங்க ரூம்பு, இங்க இருக்கறவளுக்கு அடுப்பு மூலைங்களா என்று சிரித்துப்போட்டுப் போய்விட்டாள். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதைக் கேட்டு இவளுக்குத் துணிச்சல் வந்துவிட்டது, வாயே திறக்காதவள், அண்ணா ரூமுல மெஷினப் போட்டுக்கட்டுங்களாம்மா என்று கேட்கிறாள். நாளைக்குக் கல்யாணமாகிப் போகிறவளுக்கு அறை எதற்கு என்றேன். அண்ணனும் கல்யாணமாகிப் போயிட்டாங்களேம்மா என்கிறாள். உனக்கே தெரியும், நீ எங்கேயும் போய்விடவில்லை, நீ இங்கேதான் இருக்கிறாய், வேலைக்காக அங்கே தங்கியிருக்கிறாய், அவ்வளவுதான். இது அவள் மண்டையில் ஏற மாட்டேன் என்கிறது. நீ பதினைந்து நாள் பேசாமல் இருந்தபோது நான் ஒரு வார்த்தை கேட்டேனா, வேலை இருக்கும் என்று எனக்கே தெரியும். இவள் நூல் வாங்கப் போய்க் கால் மணி நேரம் தாமதமானாள், அப்பாவை முதுகு பெல்ட்டோடு மெயின் ரோட்டுக்குத் துரத்தினேன். அவள்மேல் பாசம் இல்லை என்று யார் சொல்ல முடியும்.

நான் வேண்டாம் என்றால் பாரபட்சம் என்று அப்பாவும் சேர்ந்துகொள்கிறார். அதனால் நீயே சொல்லிவிடு கண்ணு, டிசம்பரில் வருகிறேன், என் அறை அப்படியே இருக்கட்டும் என்று ஒரு வார்த்தை போதும். நான் சொல்லிக்கொடுத்தது ஹாரிகாவுக்குத் தெரியவே கூடாது. என்ன பார்க்கிறாய், எழுது. இதையும் எழுதிவிட்டாளோ என்னவோ, எனக்கெங்கே தெரிகிறது.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, குளிர் தேசம் என்று விட்டுவிடாதே. நீயும் மேக்னாவும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வயசு இருக்கவேண்டும். படித்ததும் இதைக் கிழித்துப்போடு, ஞாபகம்.

இப்படிக்கு,
உன் அம்மா கனகம்

அண்ணா, ஹாரிகா எழுதுகிறேன். அம்மா கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டு படுத்திருக்கிறார்கள். அவர்கள் சொன்னதை ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறேன். போனை என்னிடம் கொடுத்தால் நல்லாருக்கீங்களா என்பதோடு என் பேச்சு நின்றுவிடும், எழுதும்போது அவ்வளவு கூச்சமாக இல்லை. அந்த அறை எனக்கு வேண்டும் அண்ணா. இன்னொரு பட்டில் எண்ணெய் தெறித்தால் யாரும் என்னிடம் துணி கொடுக்க மாட்டார்கள், எனக்கென்று இருப்பது அந்தத் தையல் ஒன்றுதான். நீங்கள் சரி என்று சொன்னால் அம்மா உங்கள்மேல் கோபப்பட மாட்டார்கள், அண்ணிதான் சொல்லிக்கொடுத்திருப்பாள் என்பார்கள். அதனால் முதலில் அண்ணியிடம் என் சார்பாக மன்னிப்புக் கேட்டுவிட்டு, அப்புறம் அம்மாவிடம் சரி என்று சொல்லுங்கள்.