கவிழ்த்துக் காட்டிய தட்டு

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள். வாண்டு இப்போதுதான் தூங்கினாள். போனில் பேசலாம்தான், நான் ஒன்று ஆரம்பிப்பதற்குள் நீ மூன்று சொல்லி முடித்துவிடுவாய். காகிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாதல்லவா?

இன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம். அவள் சாப்பிடுவது வெறும் சோறு மட்டும்தான். பக்கத்தில் வைத்த பீன்ஸ் ஒன்று உருண்டுபோய்ச் சோற்றைத் தொட்டது. "பட்டுடுச்சு" என்றாள். அவ்வளவுதான், தட்டைத் தள்ளிவிட்டாள். பாலில் ஏடு மிதந்தால் டம்ளரையே திரும்பிப் பார்ப்பதில்லை. வாழைப்பழத்தில் கறுப்புப் புள்ளி இருந்தால், "இது செத்துப்போச்சும்மா" என்கிறாள். ஐந்து வயதாகிறது, எடை பதினாலு கிலோ. "பசிச்சா தானா சாப்பிடும், நீங்க டென்ஷன் ஆகாதீங்க" என்கிறார் டாக்டர். ஒரு வேளை இங்கே வந்து ஊட்டிப் பார்க்கட்டும். இவரோ, "நீ கெஞ்சக் கெஞ்சத்தான் அவ ஆட்டம் காட்டறா" என்று சொல்லிவிட்டு நைட் ஷிப்டுக்குக் கிளம்பிவிடுகிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் லேபில் ரத்தப் பரிசோதனைக்குப் புது மெஷின் வருகிறது. ஆறு வாரப் பயிற்சிக்கு என்னை வெளியூர் போகச் சொல்கிறார்கள். நான் போகாவிட்டால் எனக்குப் பின்னால் சேர்ந்த பெண் போய்விடுவாள். அதுவரை வாண்டுவை நீ வைத்துக்கொள்வாயா? கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

உன் தங்கை


ஜனவரி 14

அருமைத் தங்கைக்கு,

கூச்சமாம் கூச்சம்! நூற்று நாற்பது பெண்பிள்ளைகளுக்கு மூன்று வேளையும் சோறு போடும் ஹாஸ்டல் வார்டன் நான். உன் பொடிசு ஒன்று எனக்குப் பெரிதா? கூட்டிக்கொண்டு வா.

ஆனால் என் வழியில் தலையிடக் கூடாது. அவளுக்கென்று டம்ளர், ஸ்பூன் என்று மூட்டை கட்டாதே. போன் செய்யாதே, அம்மா குரலைக் கேட்டால் சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்துவிடும். பெற்றோர் வரும் ஞாயிறு மாதத்துக்கு ஒன்று உண்டு, அன்றைக்கு எல்லாரையும் போல வந்து பார். நீ புத்தகம் படித்துப் பிள்ளை வளர்க்கிறவள். நான் பெறவில்லை, ஆனால் வளர்த்திருக்கிறேன்.

அக்கா


பிப்ரவரி 6

தங்கைக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. உன் மகள் நேற்று பீன்ஸ் சாப்பிட்டாள். ஏடு மிதந்த பாலையும் குடித்தாள்.

இங்கே தட்டைக் கவிழ்த்துக் காட்டினால்தான் கழுவும் தொட்டிக்குப் போகலாம். காட்டியவர்கள் பெயருக்கு நேரே பலகையில் ஒரு கோடு. முதல் வாரம் தட்டோடு நின்று அழுதாள், நிற்கட்டும் என்று விட்டேன். இப்போது பெரிய பெண்களுக்கு முன்னால் ஓடி வந்து கவிழ்க்கிறாள். முட்டைக்கு மட்டும் இன்னும் முரண்டு.

ஒன்றே ஒன்று. வரும் ஞாயிறு நீ வராதே. வழிக்கு வருகிற நேரம். "ஐயோ, என் தங்கம் இளைச்சுட்டாளே" என்று நீ ஆரம்பித்தால் எல்லாம் பாழ். அவளிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னது உண்மைதான். வாண்டு எல்லாம் சாப்பிடுகிறாள். போட்டதைக் கேள்வி கேட்காமல் சாப்பிட்டுவிட்டு, நான் அடுப்பில் நின்றாலும் குளியலறையில் இருந்தாலும் தேடி வந்து தட்டைக் கவிழ்த்துக் காட்டுகிறாள். எடை ஒன்றரை கிலோ கூடியிருக்கிறது. "உங்க அக்காவுக்குக் கோயில் கட்டணும்டி" என்கிறார் இவர்.

நான்தான் சரியில்லை போலிருக்கிறது. அந்த ஞாயிறு மனசு கேட்காமல் பஸ் ஸ்டாண்ட் வரை வந்துவிட்டு, உன் கடிதத்தை இன்னொரு தடவை படித்துவிட்டுத் திரும்பினேன். ஐந்து வருஷம் என்னால் முடியாததை ஆறு வாரத்தில் முடித்துவிட்டாய். சந்தோஷப்படாமல் நேற்று பாத்திரம் கழுவும்போது அழுதேன். அப்படி என்னதான் செய்தாய்? எனக்கும் சொல்லேன்.

உன் தங்கை


மார்ச் 21

தங்கைக்கு,

ரகசியம் ஒன்றும் இல்லை. சொன்ன சொல்லில் நிற்க வேண்டும். உனக்கு அது வராது. நீ அழுததாக எழுதியிருக்கிறாய். அது பிள்ளைக்காக வந்த அழுகை இல்லை, உன் கௌரவம் அழுதது. பிள்ளை சாப்பிடுகிறதா, விட்டுவிடு. கோடை விடுமுறைக்கும் அனுப்பிவை, பழக்கம் விட்டுப்போகாமல் இருக்கும்.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

இன்று லேபில் ஆள் இல்லை என்று ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகக் கூப்பிட்டார்கள். பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். வாண்டு சமையலறைக்கு ஓடினாள். காலையில் சாப்பிட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. போய்ப் பார்த்தால் ஃப்ரிட்ஜ் திறந்து கிடக்கிறது. தரையில் உட்கார்ந்து, நேற்று வேகவைத்த முட்டையை ஓட்டோடு வாயில் திணித்துக்கொண்டிருக்கிறாள். மூச்சு முட்டிக் கண் பிதுங்குகிறது. விரலை விட்டுத் தோண்டி எடுத்தேன். ஓடு கிழித்து உதட்டில் ரத்தம். வாய் காலியானதும் முதலில் என்ன சொன்னாள் தெரியுமா? "நான் துப்பலம்மா! நீதான் எடுத்த! நான் துப்பல!"

மடியில் போட்டுக்கொண்டு கேட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். "அன்னிக்கு எல்லா அக்காவோட அம்மாவும் வந்தாங்க. நீ வரல. பெரியம்மாகிட்ட கேட்டேன். காலைல முட்டைய மிச்சம் வெச்சியே, அதான் உங்கம்மா வரலன்னாங்க. அப்புறம் நான் வெக்கவே இல்ல. அதான் நீ வந்துட்ட."

நீ வராதே என்று எழுதியதால்தான் நான் வரவில்லை. அதைக் குழந்தையின் தட்டில் எப்படிப் போட்டாய்?

உன்னை மட்டும் சொல்லவில்லை. இந்த ஒரு மாதத்தில் ராத்திரியில் நாலு தடவை வாந்தி எடுத்தாள். செரிக்கவில்லை என்று மருந்து கொடுத்துப் படுக்க வைத்தேன். கவிழ்த்த தட்டைப் பார்த்தால் எனக்கும் இனித்தது, அதனால் மேற்கொண்டு எதையும் கேட்கவில்லை.

இன்று மத்தியானம், "வேணாம்னா வெச்சிடு செல்லம், அம்மா எங்கயும் போமாட்டேன்" என்றேன். சோதித்துப் பார்க்கிறேன் என்று நினைத்து இன்னும் வேகமாக விழுங்கினாள். ஒரே ஒரு பருக்கையை மிச்சம் வைக்கச் சொல்லிக் கெஞ்சினேன் அக்கா. வைக்கவில்லை.

முட்டையால் இல்லை, பெரியம்மாதான் வரவேண்டாம் என்று எழுதினார் என்று சொல்லிப் பார்த்தேன். "உனக்குத் தெரியாது, பெரியம்மாவுக்குத்தான் தெரியும்" என்கிறாள். உன் போன் வேண்டாம். உன் குரல் கேட்டால் தட்டைத் தேடுவாள். அவள் பெயருக்கு ஒரு கடிதம் எழுது. 'அம்மாவை வரவேண்டாம் என்று சொன்னது நான், உன் மேல் தப்பு இல்லை, இனிமேல் நீ மிச்சம் வைக்கலாம்' என்று நாலு வரி. பலகையில் பார்த்துப் பார்த்து உன் கையெழுத்து அவளுக்குப் பழகியிருக்கிறது. நான் படித்துக் காட்டுகிறேன்.

மேலே ஒரு வரி அடித்திருப்பேன், பார். 'உனக்கென்று ஒன்று இருந்திருந்தால்' என்று எழுதி அடித்தேன். வேறு காகிதத்தில் எழுதியிருக்கலாம். நீ பார்க்கட்டும் என்றுதான் மாற்றவில்லை.

கோடைக்கு அவளை அனுப்ப மாட்டேன். அவளுக்கு எழுதிய பிறகு நீ எனக்கு எழுத வேண்டாம். ஆனால் அந்த ஒரு கடிதம் வேண்டும், அக்கா. அவள் சாப்பிடுவதை என்னால் பார்க்க முடியவில்லை. சீக்கிரம் பதில் போடு.

வாண்டுவின் அம்மா